முதலில் என் பெயர்

காட்டுப்பாக்கம்,
22.1.2025

அன்புள்ள விக்ரமுக்கு,

நீயும் லாவண்யாவும் சிரமமில்லாமல் புனே போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். இரத்த அழுத்தம் இன்று காலை நூற்று முப்பத்தாறு, நேற்றைவிட நான்கு குறைவு.

ஞாயிறன்று நீ கூப்பிட்டாய் என்று செல்போனைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எடுத்திருந்தாலும் பயனில்லை. ஆவடியில் முப்பத்தொரு வருடம் டாங்கி என்ஜின் சோதனைக் கூடத்தில் நின்ற காது இது. நேரில் முகத்தைப் பார்த்துப் பேசினால் பாதி புரிகிறது, போனில் வெறும் இரைச்சல். அதனால் நமக்குக் கடிதம்தான்.

நீ பொங்கலுக்கு மறுநாள் சலவை இயந்திரத்தைத் தனியாக இழுத்தபோது பால்கனிக் கம்பி ஒன்று வெளிப்பக்கம் வளைந்துவிட்டது அல்லவா? திங்களன்று வெல்டிங் ஆள் வந்து நிமிர்த்திக் கொடுத்தான். நீ அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

நீ கிளம்பிய வெள்ளிக்கிழமை காலை நான் பால் வாங்கப் போயிருந்தேன். திரும்பும்போது வாசலில் ஒரே அழுகை. முதல் மாடி ரேஷ்மாவின் பையன் கிரண் சைக்கிளோடு விழுந்து முழங்கால் தோல் பெயர்ந்துவிட்டது. நம் இரண்டாவது மாடி இம்லி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ரேஷ்மாவிடம் சேர்த்தான். அவள் பதற்றத்தில் இவனுக்கும் சேர்த்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாளாம்.

இம்லியை நீ பார்த்திருக்கிறாய். பொங்கலன்று நீ ஹாலில் உட்கார்ந்திருந்தபோது வந்து என் காதுக் கருவிக்கு பேட்டரி மாற்றினானே, அந்த நாகாலாந்துப் பையன். ஜம்புலிங்கத்தின் வீட்டில் அக்கா அரென்லாவோடு குடியிருக்கிறான். அவன் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை செய்கிறான், அவள் பூந்தமல்லி சாலையில் ஒரு பியூட்டி பார்லரில். என் விரல் நடுக்கத்துக்கு அந்தப் பொத்தான் பேட்டரி பிடிபடுவதில்லை. பத்து நாளைக்கு ஒரு முறை அவனே கதவைத் தட்டுவான். தமிழை வாட்ச்மேன் வேம்புலியிடம் கற்றதால், "இன்னா தாத்தா சார், பேட்டரி கீதா, பூட்ச்சா?" என்பான். போன தடவை, "இத்த மாட்டுனா தங்கவேல் சார் பேசுறதும் கேக்கும். பர்வால்லியா?" என்று கேட்டான். நம் அசோசியேஷன் தலைவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாரே, நான் வெகுநேரம் சிரித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். லாவண்யாவுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
அப்பா ஜானகிராமன்


புனே,
30.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நலம். மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

ஒரு நல்ல செய்தி. நெதர்லாந்து வேலைக்கு என் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஜூலையில் புறப்பட வேண்டும். அதற்கு முன் பல காகிதங்கள் வேண்டும். முக்கியமாக, என் மேல் எந்த வழக்கும் இல்லை என்று போலீஸ் தரும் சான்றிதழ். லாவண்யா இப்போதே கம்பளிக் கோட்டு பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அசோசியேஷன் செயலாளர் வேலையை இந்த வருடமாவது விட்டுவிடுங்கள். முடியாவிட்டால் தலைவர் தங்கவேல் சார் சொல்வதோடு ஒத்துப்போங்கள். அவர் விவரமானவர். கண்டவர்களையும் வீட்டுக்குள் விடாதீர்கள். பேட்டரி மாட்டுவது பெரிய வேலையா? பக்கத்து வீட்டு ஆக்னஸ் டீச்சரிடம் கேட்டால் செய்ய மாட்டாரா?

அன்பு மகன்,
விக்ரம்


காட்டுப்பாக்கம்,
18.2.2025

அன்புள்ள விக்ரமுக்கு,

நெதர்லாந்து செய்தி படித்து, உன் அம்மா படத்தின் முன் நின்று சத்தமாக ஒரு முறை வாசித்தேன். மிகுந்த மகிழ்ச்சி. நான் நலம். தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு. காரணம் எழுதுகிறேன்.

ஞாயிறன்று அசோசியேஷன் கூட்டம். என் வழக்கம் உனக்குத் தெரியும், தொழிற்சாலையில் பழகியது. கண்டதையும் கேட்டதையும் அப்படியே ஒரு கச்சா நோட்டில் குறிப்பேன். பிறகு அதைத் திருத்தி, தீர்மானப் புத்தகத்தில் நல்ல தமிழில் எழுதுவேன். காதுக்கு எட்டாததைப் பக்கத்தில் உட்கார்ந்த ஆக்னஸ் டீச்சர் என் நோட்டிலேயே எழுதிக் காட்டுவார்.

பேச்சு இரண்டாவது மாடியைப் பற்றி. கச்சா நோட்டில் உள்ளபடியே தருகிறேன்.

தங்கவேல்: "அந்த சப்பை மூக்குங்கள முதல்ல காலி பண்ணணும். அவனைப் பார்த்தாலே பிள்ளை பிடிக்கிறவன் மூஞ்சி. குரூப்ல போட்டோவே வந்திருக்கு, பார்த்தீங்கல்ல?"

ஜம்புலிங்கம்: "இன்னா நைனா பேசுற? வாடக ஒயுங்கா குடுத்துகினு கம்முனு கீதுங்க. எங்க தாத்தா நெல்லு நட்ட எடம் இது. நீயே நேத்து வந்தவன், நீ இன்னொருத்தன வெளியூர்க்காரன்ற."

தங்கவேல்: "உங்க பேரனைத் தூக்கிட்டுப் போனா அப்பவும் இப்படித்தான் பேசுவீங்களா?"

ஜம்புலிங்கம் உட்கார்ந்துவிட்டார். ரேஷ்மா கூட்டத்துக்கு வரவில்லை. கிரணை இம்லி தூக்கியது எதற்கு என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன். எழுந்து சொல்லலாம் என்று பேனாவை மூடினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மறுபடி பேனாவைத் திறந்தேன்.

தீர்மானத்தை இப்படி எழுதினேன்: "சில குடித்தனக்காரர்களின் நடமாட்டம் குழந்தைகளின் பாதுகாப்புக் குறித்து ஐயம் எழுப்புவதால், அவர்கள் இரண்டு மாதத்துக்குள் வெளியேற ஆவன செய்யப்படுகிறது." தங்கவேல் படித்துவிட்டு, "சார் எழுதினா கோர்ட்டு தீர்ப்பு மாதிரி இருக்கு" என்றார். எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அதை உன்னிடம் மறைப்பதற்கில்லை. அதை அச்சடித்து, என் கையெழுத்தோடு இரண்டாவது மாடிக் கதவில் ஒட்டினார்கள்.

நேற்று பேட்டரி மாற்றும் நாள். அவன் வந்தான். அழைப்பு மணியோடு எரியும் சிவப்பு விளக்கு மூன்று முறை எரிந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்த் திறக்கவில்லை. பேட்டரி இன்று காலை தீர்ந்துவிட்டது. வேறு யாரிடமும் கேட்க மனம் வரவில்லை.

நான் செய்தது சரியா? நீ விவரம் தெரிந்தவன். எழுது.

அன்புடன்,
அப்பா


புனே,
25.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் தூக்கம் இப்போது சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் எழுதியதில் தவறே இல்லை. யாருடைய பெயரையும், எந்த ஊரையும் குறிப்பிடவில்லை. மிகவும் நாகரிகமான வாசகம். பாதுகாப்பு என்று வரும்போது சந்தேகம் இருந்தால் போதும். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள், நானும் பார்த்தேன். பார்க்கச் சரியாகப் படவில்லை. விடுங்கள். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள்.

விசாவுக்கான வேலை நடக்கிறது. காதுக் கருவியை ஆக்னஸ் டீச்சரிடம் கொடுத்து மாட்டிக்கொள்ளுங்கள். பிடிவாதம் வேண்டாம்.

அன்பு மகன்,
விக்ரம்


காட்டுப்பாக்கம்,
16.3.2025

அன்புள்ள விக்ரமுக்கு,

உங்கள் இருவர் நலமும் அறிய விரும்புகிறேன். என் உடம்பு பரவாயில்லை.

போன செவ்வாய் சாயங்காலம் ஆறு மணிக்கு, சென்னீர்குப்பம் பேருந்து நிறுத்தத்தில் இம்லியை அடித்துவிட்டார்கள். நாற்பது, ஐம்பது பேர் இருக்கும் என்கிறார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு வாரமாகச் செல்போன்களில் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. இடது கண் தப்புமா என்று இன்னும் சொல்லவில்லை.

வேம்புலி அந்த வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். மறுநாள் என் வலது காதில் வாய் வைத்துக் கத்தித்தான் சொன்னான். கத்தும்போதே அழுதான்.

"அந்த புள்ள தமிழ்ல கத்துச்சு சார். 'அண்ணாத்தே, நான் காட்டுப்பாக்கத்துல கீறேன், எங்க ஊடு அங்கதான்'னு. அதுக்கு ஒருத்தன் இன்னா சொன்னான் தெரியுமா? 'பாரு, தமிழ்லாம் கத்துகினு ரெடியா வந்துகீறான்'ன்றான். அதுக்கப்பறம்தான் சார் ரொம்ப அடிச்சானுங்க. நான்தான் சார் அதுக்கு தமிழ் சொல்லிக் குடுத்தேன்."

"நீ போய்ச் சொல்லவில்லையா, அவனைத் தெரியும் என்று?"

"நின்னுகினே இருந்தேன் சார்" என்றான்.

நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அதற்கு எனக்கு என்ன தகுதி?

சாயங்காலம் ஆக்னஸ் டீச்சர் அந்த வதந்தியைத் தன் செல்போனில் காட்டினார். முன்பின் பார்த்திராத ஒன்று. மேல் பாதியில் ஒரு படம்: இம்லியின் முதுகு, பக்கவாட்டில் முகம், அவன் தோளில் வாய் பிளந்து அழும் கிரண். கீழ்ப் பாதியில் நான் எழுதிய அறிவிப்பு, என் கையெழுத்து தெளிவாகத் தெரிகிறது. நடுவில் சிவப்பு எழுத்தில், "பிள்ளை பிடிப்பவன். அசோசியேஷனே உறுதி செய்துவிட்டது. எங்கே பார்த்தாலும் விடாதீர்கள்." என் வாக்கியத்தைப் பத்து முறை படித்தேன். பிள்ளை பிடிக்கிறவன் மூஞ்சி என்று தங்கவேல் சொன்னபோது அது ஒரு வசவு. நான்தான் அதைச் சான்றாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு மேல் பாதியைப் பார்த்தேன். பழைய தொழில், விட்டுப் போகவில்லை. மேலிருந்து எடுத்த படம். மூன்றாவது மாடி உயரம். படத்தின் இடது ஓரத்தில் பால்கனிக் கம்பி ஒன்று தெரிகிறது. அது நேராக இல்லை. வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கிறது.

இதற்குமேல் அந்தப் படத்தைப் பற்றி எழுதவில்லை. நீ எழுதுவாய் என்று காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா


காட்டுப்பாக்கம்,
3.4.2025

அன்புள்ள விக்ரமுக்கு,

போன கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. விரைவு அஞ்சலில் அனுப்பினேன். பத்தொன்பதாம் தேதி சேர்ந்துவிட்டதாக அஞ்சலகத்தில் பார்த்துச் சொன்னார்கள். நீயும் லாவண்யாவும் நலம்தானே? உடல்நலக் குறைவு ஏதுமிருந்தால் ஒரு வரி எழுது.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை வாசல் வரை போய், பழக்கடையில் ஆரஞ்சு வாங்கி, அதோடு வீட்டுக்கே திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை உள்ளே போனேன். தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். வாய் திறக்க முடியாதவனுக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். அரென்லா என்னைப் பார்த்து எழுந்து நிற்கவில்லை. கைப்பையிலிருந்து அந்த அறிவிப்பை எடுத்து என் முன் நீட்டி, கையெழுத்தின் மேல் விரல் வைத்து, "நீங்கதானே?" என்றாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஆமாம் என்றேன். அவள் காகிதத்தை மடித்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டாள். இம்லி தூங்கினான், அல்லது கண்ணை மூடிக்கொண்டான்.

படம் எங்கிருந்து கிளம்பியது என்று போலீஸ் விசாரிக்கிறது. எங்கள் குடியிருப்பில் எடுத்ததில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும் என்று தங்கவேல் ஏற்பாடு செய்திருக்கிறார். குழுவில் இருந்ததை அழித்துவிட்டார்களாம். நேற்று வீட்டுக்கு வந்தார். ஜம்புலிங்கமும் கூட வந்தார். தங்கவேல் சிரித்த முகத்தோடுதான் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "தீர்மானப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். அந்தக் கச்சா நோட்டை என்னிடம் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பையனும் இதில் இருக்கிறான். உங்களுக்காகத்தான் சொல்கிறேன்."

ஆக, அவருக்கும் தெரியும்.

ஜம்புலிங்கம் என் காதில், "வயசான காலத்துல உனுக்கு எதுக்கு சாரே இந்த ரோதன? குடுத்துட்டு கம்முனு கெட" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் போன பிறகு நோட்டை அரிசி டின்னுக்குள் வைத்தேன். பிறகு பீரோவுக்கு மாற்றினேன். இப்போது தலையணை உறைக்குள் இருக்கிறது. நான் எவ்வளவு பயந்தவன் என்று உனக்குத் தெரியும். வேலையில் இருந்த காலத்தில் என்ஜினில் கீறல் கண்டால்கூட, நிராகரிப்புச் சீட்டு எழுதுவதற்கு முன் மூன்று முறை கழிப்பறைக்குப் போய் வருவேன். ஆனால் விக்ரம், எழுதாமல் இருந்ததில்லை.

நீ ஏன் எழுதவில்லை?

அப்பா


புனே,
8.4.2025

அப்பாவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

சரி, நேராகவே எழுதுகிறேன். படத்தை எடுத்தது நான்தான். குழுவில் போட்டதும் நான்தான். "யார் இவன்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறான், கொஞ்சம் கவனியுங்கள்." இவ்வளவுதான் எழுதினேன். ஒரு குழந்தை அழுகிறது, முன்பின் தெரியாத ஒருவன் தூக்கிக்கொண்டு நடக்கிறான். யாராக இருந்தாலும் கேட்கத்தான் செய்வார்கள். மேலிருந்து பார்த்தபோது ஆள் யாரென்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் எல்லோருமே ஒரே மாதிரி இருக்கிறார்கள். ஊருக்கு வந்து இறங்கியபின் உங்கள் முதல் கடிதத்தில் விஷயத்தைப் படித்தேன். அதற்குள் பேச்சு அடங்கிவிட்டது. மறுபடி கிளறுவானேன் என்று விட்டுவிட்டேன். அதை வெட்டி, சிவப்பில் எழுதி, ஊரெல்லாம் அனுப்பியவன் நான் இல்லை. அடித்தவனும் நான் இல்லை.

என் பெயர் ஒரு போலீஸ் காகிதத்தில் ஏறினால் சான்றிதழ் கிடைக்காது. நெதர்லாந்து போய்விடும். எட்டு வருட உழைப்பு. லாவண்யா வேலையை ராஜினாமா செய்துவிட்டாள், தெரியுமா? நீங்கள் வாய் திறந்தால் அவன் கண் திரும்பி வந்துவிடுமா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குக் காது கேட்காது. வயது எழுபத்தொன்று. அவர்கள் கேட்பது ஒன்றும் நீங்கள் சொல்வது ஒன்றுமாக இருக்கும். உங்களை வைத்து வேடிக்கை பார்ப்பார்கள். வேண்டாம் அப்பா. நான் உங்கள் ஒரே பிள்ளை.

விக்ரம்


காட்டுப்பாக்கம்,
13.4.2025

அன்புள்ள விக்ரமுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலமாக இருக்கிறாய் என்பது முதல் நிம்மதி. லாவண்யாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

நீ எழுதியதில் பெரும்பகுதியை நம்புகிறேன். ஒரு வரியை மட்டும் நம்பவில்லை. எந்த வரி என்று உனக்குத் தெரியும்.

இரண்டு நாளாக இரண்டு பக்கமும் எடைபோட்டுப் பார்த்தேன். உன் பக்கத்தில் எழுத நிறைய இருந்தது: உன் வேலை, லாவண்யா, உன் அம்மா உன்மேல் வைத்திருந்த ஆசை. மறுபக்கத்தில் ஒன்றுதான் இருந்தது. அவன் மணி அடித்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவன் முகத்தைப் பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் மறுநாளே அந்த அறிவிப்பைக் கிழித்திருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. என்னைப் பற்றி எதையும் நிச்சயமாகச் சொல்ல எனக்கு வருவதில்லை.

இன்று போலீஸ் தரப்பில் பிடித்து வைத்திருப்பது சென்னீர்குப்பத்துக் கூலித் தொழிலாளிகள் ஆறு பேரை. அடித்தது அவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் கையில் அந்தப் படத்தையும் அந்த வாக்கியத்தையும் கொடுத்தது யார்? படித்தவர்கள். நானும் நீயும். இதற்கிடையில் தங்கவேல், அந்தப் பையன் உண்மையிலேயே குழந்தையைத் தூக்கினான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்; ரேஷ்மாவும் அவருக்குப் பயந்து வாய் திறக்க மறுக்கிறாள். நான் பேசாவிட்டால் இம்லி கண்ணையும் இழந்து, பிள்ளை பிடித்தவன் என்ற பெயரோடும் ஊர் திரும்புவான். கண் என் கையில் இல்லை. பெயர் என் தலையணை உறைக்குள் இருக்கிறது.

வரும் 21ஆம் தேதி, திங்கள், காலை பதினொரு மணிக்குப் போலீஸ் நிலையத்துக்கு வாக்குமூலம் கொடுக்க வருவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். கேள்வி காதில் விழாது என்பதால், எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வாசித்துவிடுவேன். கச்சா நோட்டும் தீர்மானப் புத்தகமும் கொண்டுபோகிறேன். முதலில் என் பெயர். உண்மை தெரிந்திருந்தும் பொய்யான அறிவிப்பை எழுதிக் கையெழுத்திட்டவன் என்று. அதன்பிறகு படம், கம்பி, தேதி. பதினைந்தாம் தேதி வளைந்தது, இருபதாம் தேதி நிமிர்ந்தது. வெல்டிங் ஆள் சாட்சி. அதற்கடுத்த வரி உன் பெயர்.

அந்த வரியை மட்டும் இன்னும் எழுதவில்லை. இடம் விட்டிருக்கிறேன். நீ வந்தால் நீயே சொல்லலாம். வராவிட்டால் அங்கே உட்கார்ந்து நானே எழுதிக்கொள்வேன்.

உன்னை நான் கோபித்துக்கொள்ளவில்லை. குளிருக்கு நல்ல கோட்டு வாங்கினீர்களா?

அன்புடன்,
அப்பா


காட்டுப்பாக்கம்,
23.4.2025

அன்புள்ள விக்ரமுக்கு,

நலம் அறிய ஆவல்.

கொடுத்துவிட்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. விசாரணை அதிகாரி மரியாதையாக நடந்துகொண்டார். நடுவில் தண்ணீர் கொடுத்தார்கள். நீ வரவில்லை. வர முடிந்திருக்காது, விடுமுறை கிடைப்பது சிரமம் என்று தெரியும். அந்த வரியை எழுதினேன்.

இதோடு என்னிடமிருந்து கடிதம் வருவது உனக்கு விருப்பமில்லை என்றால் எழுது. எழுதாமல் இருந்தாலும் புரிந்துகொள்வேன்.

கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. படியிறங்கும்போது கால் தடுக்கி மணிக்கட்டில் சிறு சுளுக்கு. வேறொன்றுமில்லை. குடியிருப்பில் எல்லாம் வழக்கம்போல் இருக்கிறது.

அப்பா


புனே,
4.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய். உங்கள் மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

நீங்கள் கால் தடுக்கி விழவில்லை. எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தேன்.

21ஆம் தேதி காலை ரயிலை விட்டு இறங்கி, ஒன்பதரைக்கே நம் வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடைக்கு வந்துவிட்டேன். உங்களைத் தடுக்கத்தான் வந்தேன். வழியெல்லாம் பேச வேண்டியதைத் தயார் செய்துகொண்டு வந்தேன். நீங்கள் பையோடு படியிறங்கினீர்கள். தங்கவேல் பையைப் பிடித்து இழுத்தார். "சொந்தப் பிள்ளையக் காட்டிக் குடுக்கப் போறியாயா?" என்று அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது. உங்களுக்குக் கேட்டிருக்காது. நீங்கள் பையை விடவில்லை. அவர் தள்ளினார். கடைசி இரண்டு படியில் விழுந்தீர்கள். ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் நின்றேன் அப்பா. கையில் டீ கிளாஸோடு. வேம்புலிதான் ஓடி வந்து தூக்கினான். "இன்னொருவாட்டி நின்னுகினு பாக்க மாட்டேன்யா, கைய எட்றா" என்று தங்கவேலின் கையைத் தட்டிவிட்டான். நீங்கள் உட்கார்ந்தபடியே பையைத் திறந்து, நோட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்து நடந்தீர்கள். சட்டையில் மண்ணைக்கூடத் தட்டவில்லை.

நீங்கள் ஆட்டோவில் ஏறியதும், நான் வேறொன்றில் பின்னால் வந்தேன். நீங்கள் அதிகாரி முன் உட்கார்ந்திருந்தீர்கள், உங்கள் முதுகு கதவுப் பக்கம். பள்ளிக்கூடப் பையன் மாதிரி இரண்டு கையாலும் தாளைப் பிடித்திருந்தீர்கள். முதலில் உங்கள் பெயரை வாசித்தீர்கள். வாசலில் நின்று "அப்பா" என்றேன். இரண்டாவது முறை சத்தமாகக் கூப்பிட்டேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் வாசித்துக்கொண்டே இருந்தீர்கள். கடைசி வரியில் நிறுத்தி, பேனாவை எடுத்து எழுதினீர்கள். எழுதியதை வாசித்தீர்கள். "ஜா. விக்ரம், என் மகன்." என் பெயரை நீங்கள் அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

வெளியே போய்விட்டேன். நீங்கள் கிளம்பும்வரை மரத்தடியில் நின்றேன். பிறகு உள்ளே போய், நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் நம்பாத அந்த வரியையும் எழுதினேன். எனக்கு அவனை யாரென்று தெரியும். பொங்கலன்று அவன் உங்கள் காதோரம் குனிந்து ஏதோ சொன்னான், நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். மூன்று நாள் நான் உங்களோடு இருந்தேன், ஒரு முறைகூட உங்களை அப்படிச் சிரிக்க வைக்கவில்லை. மூன்று நாள் கழித்துப் பால்கனியிலிருந்து பார்த்தபோது, கிரண் விழுந்ததையும் பார்த்தேன், அவன் தூக்கியதையும் பார்த்தேன். தெரிந்தேதான் "யார் இவன்" என்று போட்டேன். அவ்வளவு அற்பமான காரணம். எழுத்தர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நெதர்லாந்து இல்லை. வேறொருவர் போகிறார். லாவண்யா அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். திரும்பி வருவாளா என்று கேட்காதீர்கள்.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரென்று சொன்னேன். அரென்லா, "மன்னிச்சுட்டேன்னு சொல்வேன்னு வந்தீங்களா? சொல்ல மாட்டேன்" என்றாள். சொல்ல வேண்டாம் என்றேன். இடது கண்ணில் இனி வெளிச்சம் மட்டும்தான் தெரியுமாம். இம்லி ஒரு சீட்டு வாங்கி எழுதி நீட்டினான். எனக்கென்று அதில் ஒரு வார்த்தை இல்லை. "தாத்தா சார் பேட்டரி?" என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. தெரியாது என்றேன். உங்கள் பிள்ளைக்குத் தெரியவில்லை. அவன் கையாலேயே காட்டினான்: பேட்டரியின் முதுகில் உள்ள ஒட்டுத்தாளைப் பிரிக்க வேண்டும், உடனே மாட்டக் கூடாது, ஒரு நிமிடம் காற்றில் வைத்திருக்க வேண்டும். நான் திருப்பிச் செய்து காட்டினேன். சரியாக வரும்வரை இரண்டு முறை செய்ய வைத்தான்.

வாங்கி வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பவில்லை. பத்தாம் தேதி, சனிக்கிழமை காலை வருகிறேன். சிவப்பு விளக்கு எரிந்தால் கதவைத் திறங்கள்.

விக்ரம்